கம்பைலர் மாறினால் கெர்னலையும் மீண்டும் கட்ட வேண்டுமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ‘ஓப்பன் சோர்ஸ் லேப்’ என்றொரு செய்முறைத் தாள் இருந்தது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இறக்கி, அமைவுகளைத் தேர்ந்து, கம்பைல் செய்து, அதே கணினியில் நிறுவுவதுதான் அதன் முதல் பயிற்சி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் 2005 முதல் கட்டற்ற மென்பொருளுக்காகச் சேர்ந்து செய்த வேலையின் சாயல் அந்தத் தாளில் தெரிகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்தில் வைத்து மாணவர்களிடம் கொடுத்தது. முதல் ஆண்டுக்கு மாநில அரசின் எல்காட் நிறுவனம் கோரிய மடிக்கணினிகள் 9.12 லட்சம். போடிநாயக்கனூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 2012இல் வந்தது. ஆக, தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் கெர்னலைத் தன் கையால் கட்டிப் பார்க்கக்கூடிய ஒரு தலைமுறை அந்தச் சில ஆண்டுகளில் உருவானது.

கெர்னலை எப்படிக் கட்டுவது என்பதைப் பயிற்சிக் குறிப்பேடுகள் சொல்லிவிடுகின்றன. எப்போது மீண்டும் கட்டுவது என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. கணினியில் இருக்கும் கம்பைலர் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோ பழைய கம்பைலரால் கட்டப்பட்டது. அப்படியே விடலாமா? புதிய கம்பைலரால் கெர்னலையும் திரும்பக் கட்டவேண்டுமா? அல்லது, கெர்னலுக்கென்று பழைய கம்பைலரைத் தனியே பாதுகாக்கவேண்டுமா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. 1991இல் லினக்ஸின் முதல் பதிப்பு ஜிசிசி என்ற கம்பைலரின் 1.40 பதிப்பை நம்பி வெளிவந்த நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கேள்விக்கு ஒரே பதில் நிலைபெறவில்லை. பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விபத்துக்குப் பின் பிறந்தது என்பதைக் கவனித்தால் முரண் ஓரளவு தெளிகிறது.

எந்த எல்லையில் நிற்கிறோம்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். பயன்பாட்டு நிரல்கள் கெர்னலோடு பேசுவது சிஸ்டம் கால் எனப்படும் குறுகிய வாசல் வழியாக மட்டுமே. எந்த எண்ணுக்கு எந்தச் சேவை, எந்தப் பதிவகத்தில் எந்த மதிப்பு என்பதெல்லாம் செயலி வகைவாரியாக முடிவானவை. அந்த வாசலின் இரு பக்கமும் எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டவை என்பது கணக்கிலேயே வராது. பத்தாண்டுக்கு முன் கட்டிய நிரல் இன்றைய கெர்னலில் ஓடவேண்டும் என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டும் பிடிவாதம் பிரசித்தம். ஆகவே, கம்பைலரைப் புதுப்பித்த மறுநொடியே கெர்னல் செல்லாததாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

கெர்னலுக்கும், அது ஓடும்போது ஏற்றப்படும் அதன் மாட்யூல்களுக்கும் இடையிலுள்ள எல்லை அப்படிப்பட்டதல்ல. அங்கே வாசல் கிடையாது. இரண்டும் ஒரே நினைவகத்தில், ஒரே ஸ்ட்ரக்சர்களைத் தொட்டு வேலை செய்கின்றன. கெர்னலுக்கும் கம்பைலருக்கும் இடையே மூன்றாவதாக ஓர் எல்லையும் உண்டு. சி மொழியின் தரநிலை அனுமதிப்பது ஒன்று, கெர்னல் எழுதுவோர் எதிர்பார்ப்பது வேறொன்று. இந்த மூன்று எல்லைகளில் எதை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லாமலே பலரும் வாதிட்டதுதான் இந்த விவாதம் நீண்டதற்குப் பாதிக் காரணம் என்று தோன்றுகிறது.

பழைய கம்பைலரே பத்திரம் என்போர்

1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த நிலைப்பாடு இது. 2.0 வரிசைக் கெர்னல்களுக்கு ஜிசிசி 2.7.2.3தான் ஏற்றதென்று பரிந்துரைக்கப்பட்டது. அடுத்து வந்த ஜிசிசி 2.8, ஜிசிசியிலிருந்து பிரிந்த ஈஜிசிஎஸ் ஆகியவற்றைக் கொண்டு கட்டினால் கெர்னல் விசித்திரமாக நடந்துகொள்ளும் என்ற எச்சரிக்கை பரவலாக இருந்தது. 2000ஆம் ஆண்டு ரெட் ஹேட் லினக்ஸ் 7.0 வந்தபோது இந்த நிலைப்பாடு ஒரு பொதியாகவே உருவெடுத்தது. ஜிசிசி குழு அதிகாரபூர்வமாக வெளியிடாத ‘2.96’ என்ற இடைக்காலப் பதிப்பைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்த ரெட் ஹேட், கெர்னல் கட்டுவதற்கென்றே பழைய ஈஜிசிஎஸ் 1.1.2ஐ ‘கேஜிசிசி’ என்ற பெயரில் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. ஒரே கணினியில் இரண்டு கம்பைலர்கள், ஒன்று ஊருக்கு, ஒன்று கெர்னலுக்கு.

இந்தப் பழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை. டெபியன் 7இல் பொதுக் கம்பைலர் ஜிசிசி 4.7, அதன் 3.2 கெர்னலைக் கட்டியதோ ஜிசிசி 4.6. டெபியன் 8இல் பொதுக் கம்பைலர் 4.9, கெர்னல் 3.16ஐக் கட்டியது 4.8. பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது என்பதால் இப்படிப்பட்ட முடிவுகளின் பலன் நம்மூர் மடிக்கணினிவரை வந்துசேரும். பயனருக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இருக்காது.

இந்த எச்சரிக்கை வெறும் மூடநம்பிக்கை அல்ல. 2014 ஜூலையில் கெர்னலில் சுமைப் பங்கீடு செய்யும் ஒரு செயற்கூறு காரணம் தெரியாமல் சரிந்தது. தேடிப்போனால், ஜிசிசி 4.9.0 ஸ்டாக்கில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு மதிப்பை எழுதிவைத்திருந்தது. இடைப்பட்ட கணத்தில் ஓர் இன்டரப்ட் வந்தால் அந்த மதிப்பு அழியும். பிழைதிருத்தத் தகவல் சேர்ப்பதற்கான ஓர் அமைவுதான் கம்பைலரை இப்படித் தடம்புரளச் செய்தது. டோர்வால்ட்ஸ் கடுமையான சொற்களில் ஜிசிசிக் குழுவிடம் முறையிட்டார். குறிப்பிட்ட அமைவை அணைத்துவிட்டுக் கட்டும்படி கெர்னலின் மேக்ஃபைல் திருத்தப்பட்டது. இதற்கும் முன்பே ஜிசிசி 4.1.0, 4.1.1 ஆகிய இரண்டையும் கண்டால் கட்டுமானத்தையே நிறுத்திவிடும் வரி மூலநிரலில் இருந்தது.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனம் 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. 64 பிட் ஆர்ம் கணினிகளில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் சரிபார்ப்புத் தொகை எப்போதாவது, விதியே இல்லாமல், தவறிக்கொண்டிருந்தது. நெடுநாள் இதைத் துரத்திய கெர்னல் உருவாக்குநர் ரஸல் கிங் கடைசியில் பிடித்தது ஜிசிசி 4.9இல் இருந்த பிழையை. செயற்கூறு முடியும் தறுவாயில் ஸ்டாக் முனையை நகர்த்திவிட்டு, அதற்குப் பிறகு பழைய இடத்திலிருந்து தரவைப் படித்தது அந்தக் கம்பைலர். இங்கே குற்றவாளி பழைய கம்பைலர். ஜிசிசி 5 வரிசையிலேயே இந்தப் பிழை சரிசெய்யப்பட்டிருந்தது. பழையதே பத்திரம் என்று பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் பல ஆண்டுகள் அதைச் சுமந்தார்கள். நெடுநாள் பழகியது என்பதாலேயே ஒரு கம்பைலர் பிழையற்றதாகிவிடாது. அதில் தெரிந்த பிழைகள் எவை என்பதுதான் பழக்கத்தால் தெரியவருகிறது.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவோர்

பிஎஸ்டி மரபு இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் பார்க்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைலர், கெர்னல், அடிப்படைக் கருவிகள் மூன்றும் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்பவை. புதிய பதிப்புக்கு மாறுபவர் முதலில் பயன்பாட்டு உலகை முழுவதும் கட்டவேண்டும்; அந்த வேலையின் ஒரு பகுதியாகப் புதிய கம்பைலரும் கட்டப்படும். அதன்பின் அந்தக் கம்பைலரைக் கொண்டே கெர்னல் கட்டப்படும். வரிசையை மாற்றக்கூடாது என்று அதன் கையேடு அழுத்திச் சொல்கிறது. ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் பலரிடமும் இதே மனநிலை உண்டு.

இதன் வலிமை வெளிப்படையானது: எந்தக் கம்பைலர் எதைக் கட்டியது என்ற கேள்வியே எழாது. ஆனால் பிணைப்பு இறுகினால் இரண்டும் சேர்ந்தே தேங்கும் என்பதையும் ஃப்ரீபிஎஸ்டியின் வரலாறே காட்டுகிறது. ஜிசிசி ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்கு மாறியபோது அதை ஏற்க விரும்பாத ஃப்ரீபிஎஸ்டி, ஜிசிசி 4.2.1இலேயே பல ஆண்டுகள் நின்றுவிட்டது. 2014 ஜனவரியில் வந்த 10.0 பதிப்பில்தான் கிளாங் அதன் முதன்மைக் கம்பைலரானது. ஓப்பன்பிஎஸ்டி 2017 அக்டோபரில், 6.2 பதிப்பில், பரவலான இன்டெல் வகைக் கணினிகளுக்கு அதே மாற்றத்தைச் செய்தது. கம்பைலரை ஒருமுறை மாற்றுவதற்கு ஒரு முழு இயங்குதளமே தயாராகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறு அலுவலகத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ ஒரே ஒருவர் பத்திருபது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், எல்லாவற்றையும் மீண்டும் கட்டு என்ற அறிவுரை நடைமுறைக்கு எட்டுமா என்பது சந்தேகமே.

உறையவைத்து ஓட்டுவோர்

நிறுவனச் சந்தையும் அறிவியல் ஆய்வகங்களும் தேர்ந்த வழி மூன்றாவது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் வந்தபோது 3.10 கெர்னலும் ஜிசிசி 4.8 வரிசையும் அதில் இருந்தன. 2024இல் அதன் வழக்கமான ஆதரவு முடியும்வரை அடிப்படை எண்கள் மாறவில்லை. திருத்தங்கள் மட்டும் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டன. புதிய சி++ வேண்டும் என்போருக்கு ஜிசிசியின் புதிய பதிப்புகள் தனி அடைவில், தனிப் பொதியாகக் கிடைத்தன. அந்தப் பொதியை நிறுவினாலும் கெர்னலுக்கு ஒரு சலனமும் இருக்காது.

தேனி மாவட்டத்தில் இந்த வழியின் பொருத்தத்தை யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. பொட்டிபுரம் அருகே மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகம், 50,000 டன் காந்த இரும்பு உணர்கருவியை மையமாகக் கொண்டது. மக்கள் எதிர்ப்பு, நீதிமன்ற வழக்குகள், தமிழ்நாடு அரசின் மறுப்பு எனத் திட்டம் நின்றுபோயிருக்க, அதன் 85 டன் மாதிரி மதுரையில் 2018 முதல் இயங்கியது. அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. ஆனால் இவ்வகைச் சோதனைகளின் ஆயுள் பத்து, இருபது ஆண்டுகள். நடுவில் கம்பைலர் பத்துமுறை மாறும். தரவு சேகரிக்கும் மின்னணுப் பலகைகளின் டிரைவர்களோ ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கென்று எழுதப்பட்டவையாக இருப்பது வழக்கம். துகள் இயற்பியல் உலகம் இதற்காகவே 2004 முதல் ‘சயன்டிஃபிக் லினக்ஸ்’ என்ற ரெட் ஹேட் வழித்தோன்றலைப் பராமரித்தது. ஃபெர்மிலேப் 2019இல் அடுத்த பதிப்பு வராது என்று அறிவித்தது. அதன்பின் இன்னொரு ரெட் ஹேட் வழித்தோன்றலான சென்ட்ஓஎஸ் 8இன் ஆயுள் 2021 இறுதியோடு முடியும்படி திடீரெனக் குறைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் செர்னும் ஃபெர்மிலேபும் அதே வகை வழித்தோன்றலான ஆல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தன. உறையவைப்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு என்பதை இந்த மூன்றாண்டு அலைச்சல் காட்டிவிட்டது: உறைபெட்டிக்கு மின்சாரம் கொடுப்பவர் வேறு யாரோ.

மாட்யூல்: உண்மையான சிக்கல்

ஓடும் கெர்னலை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் மாட்யூல் என்று வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். கம்பம் பள்ளத்தாக்கு வாசகருக்கு இதை விளக்க முல்லைப் பெரியாறு அணையே போதும். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய உடலுக்குப் பின்னால், 1979க்குப் பிறகான பலப்படுத்தும் பணிகளில் கான்கிரீட் தாங்கல் சேர்க்கப்பட்டது. இரண்டு காலத்துக் கட்டுமானங்களும் ஒரே உடலாக நின்று அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்பது பொறியாளர்களின் விவாதங்களில் ஒன்று. பழைய கம்பைலரின் கெர்னலுக்குள் புதிய கம்பைலரின் மாட்யூல் நுழையும்போது எழுவதும் இதே வகைக் கேள்விதான்.

ஒரு காலத்தில் பதில் கறாராக இருந்தது. ஒற்றைச் செயலிக் கணினிகளுக்கான கெர்னலில் ஸ்பின்லாக் என்பது உள்ளே எதுவுமில்லாத வெற்று ஸ்ட்ரக்சர். ஜிசிசி 2 வரிசையின் சில பதிப்புகள் வெற்று ஸ்ட்ரக்சரைச் சரியாகக் கையாளாததால், அந்த வரிசையில் கட்டும்போது மட்டும் உள்ளே பயனற்ற ஓர் எண் வைக்கப்பட்டது. கம்பைலரில் பிழை இருக்கிறது என்பதையே அந்த எண்ணுக்குப் பெயராக வைத்திருந்தார்கள், கெர்னல்காரர்களின் குறும்பு அது. விளைவு என்னவென்றால், ஒரே மூலநிரல், ஒரே அமைவு, ஆனால் ஜிசிசி 2க்கு ஓர் அளவு, 3க்கு வேறோர் அளவு. பொருந்தாத மாட்யூல் நினைவகத்தில் தப்பான இடத்தைத் தொடும். கெர்னல் 2.6 வரிசையின் தொடக்க வெளியீடுகளில் மாட்யூலின் அடையாள வரியில் ஜிசிசி பதிப்பு எண்ணும் இருந்தது. எண் மாறினால் கெர்னல் அதை ஏற்காது. பிற்பாடு அந்த எண் நீக்கப்பட்டது.

நீக்கியது சரியா? பொதுவாகச் சரி என்றே சொல்லலாம். செயற்கூறுகளை அழைக்கும் முறையும் ஸ்ட்ரக்சர் அடுக்கும் முறையும் ஒரு செயலி வகைக்குள் கம்பைலர் பதிப்புகளுக்கிடையே இன்று பெரும்பாலும் நிலையானவை. ஆயினும், கெர்னலுக்குள் நிலையான இடைமுகம் ஏன் இல்லை என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கம்பைலர் பதிப்பையும் ஒரு காரணமாகச் சொல்கிறது. 2018இல் வந்த 4.18 முதல், கெர்னலின் அமைவுக் கட்டமே கம்பைலரைச் சோதித்து, அதன் திறமைக்கேற்பச் சில வசதிகளைத் திறந்தும் மூடியும் விடுகிறது. அதனால் கம்பைலர் மாறினால் அமைவே மாறலாம். அமைவு மாறினால் ஸ்ட்ரக்சரும் மாறலாம். இப்போது வெளி மாட்யூல் ஒன்றைக் கட்டும்போது கம்பைலர் வேறுபட்டால் கெர்னல் எச்சரிக்கிறது, ஆனால் தடுப்பதில்லை. என்விடியாவின் நிறுவி இதையே கொஞ்சம் கடுமையாகச் செய்கிறது.

நடைமுறையில் அடிபடுவது எப்படி என்பதற்கு உபுண்டு 22.04 சாட்சி. அதன் பொதுக் கம்பைலர் ஜிசிசி 11. புதிய வன்பொருளுக்காக 2024 தொடக்கத்தில் வந்த 6.5 கெர்னலைக் கட்டியதோ ஜிசிசி 12. அந்தக் கெர்னலின் அமைவு, உள்ளூர் மாறிகளையெல்லாம் தானாகச் சுழியாக்கும் ஒரு கட்டளையைக் கம்பைலருக்குக் கொடுக்கிறது. ஜிசிசி 11க்கு அந்தக் கட்டளையே தெரியாது. கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களைத் தானாகக் கட்டும் டிகேஎம்எஸ் ஏற்பாடு பல கணினிகளில் அங்கேயே முறிந்தது. ஜிசிசி 12ஐ நிறுவியதும் சரியாகிவிட்டது என்பது வேறு. கவனிக்கவேண்டியது, இங்கே கம்பைலர் முன்னே போகவில்லை. கெர்னல் முன்னே போய்விட்டது. கேள்வியைத் தலைகீழாகக் கேட்கவேண்டிய நிலைமை.

கட்டியே தீரவேண்டிய ஒரு தருணம்

அப்படியே விடலாம் என்ற பதிலுக்கு 2018 ஜனவரி ஒரு விதிவிலக்கைத் தந்தது. ஸ்பெக்டர் எனப்படும் செயலிப் பலவீனத்துக்கு எதிராக ரெட்போலின் என்ற உத்தி வகுக்கப்பட்டது. செயலி தவறாக ஊகித்து ஓடக்கூடிய மறைமுகத் தாவல்களை எல்லாம் ஊகிக்க முடியாத வடிவத்தில் எழுதவேண்டும். கெர்னலில் அத்தகைய தாவல்கள் ஆயிரக்கணக்கில். அவற்றை எழுதுவது மனிதரல்லர், கம்பைலர். அசெம்பிளியில் கையால் எழுதிய பகுதிகளை மட்டுமே கெர்னல் குழுவால் நேரடியாகத் திருத்த முடிந்தது. மீதிக்கு ஜிசிசி 7.3 வரவேண்டியிருந்தது. பழைய கம்பைலரால் கட்டிய கெர்னல் தன்னைப் பற்றிய அறிக்கையிலேயே ‘குறைந்தபட்சப் பாதுகாப்பு’ என்றும், இன்னும் ஆபத்தில் இருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. பழைய முறையில் கட்டிய ஒரு மாட்யூலை ஏற்றினால் மொத்தக் கெர்னலும் மீண்டும் ஆபத்தானதாகக் குறிக்கப்பட்டது. ரெட் ஹேட்டும் தன் ஜிசிசி 4.8க்குள் இந்த வசதியைப் பின்னோக்கிச் சேர்த்துவிட்டுக் கெர்னலை மீண்டும் கட்டியது. பதிப்பு எண் அசையவில்லை, கம்பைலர் அசைந்துவிட்டது.

எழுதப்படாத உடன்பாடு

மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளுக்கும் அடியில் கிடப்பது கெர்னலுக்கும் கம்பைலருக்கும் இடையிலான மூன்றாவது எல்லை. 2009 ஜூலையில் வெளிவந்த ஒரு பாதுகாப்புக் குறைபாடு இதைப் பளிச்செனக் காட்டியது. நெட்வொர்க் சார்ந்த ‘டன்’ டிரைவரில் ஒரு சுட்டியின் உள்ளேயிருந்து மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் அந்தச் சுட்டி வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். ஜிசிசி தரநிலைப்படி தர்க்கம் பேசியது: உள்ளே போய் எடுத்தாகிவிட்டதென்றால் அது வெறுமையாக இருக்கவே முடியாது, ஆகவே சோதனை வீண். சோதனை வரி நீக்கப்பட்டது. கெர்னலிலோ அந்தச் சுட்டி வெறுமையாக இருக்க முடியும். தாக்குபவர் சுழி முகவரியில் தன் தரவை வைத்து உள்ளே புகவும் முடிந்தது. அதன்பின் இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளை கெர்னலில் சேர்ந்தது. இதுபோல் இன்னும் சில உண்டு: வெவ்வேறு வகைச் சுட்டிகள் ஒரே இடத்தைக் காட்டாது என்று ஊகிக்காதே, எண் நிரம்பி வழிவதை நடக்காததாக எண்ணாதே. கெர்னல் எழுதப்படுவது தரநிலை சி மொழியில் அல்ல. கட்டளைகளால் வரம்பிட்ட, ஜிசிசிக்கென்றே ஆன ஒரு சி மொழியில்.

கம்பைலர்காரர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தரநிலையில் எழுதியதைத்தான் நாங்கள் செய்கிறோம், உங்கள் மனதில் உள்ளதை எப்படி அறிவோம் என்பது அவர்கள் கேள்வி. 2020 மே மாத நிகழ்வில் அவர்கள் பக்கம் நியாயம் கூடுதல். ஜிசிசி 10ஆல் கட்டிய கெர்னல்கள் பூட் ஆகும்போதே விழுந்தன. இரண்டாம் செயலியை எழுப்பும் செயற்கூறு, தான் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஸ்டாக் காவல் மதிப்பை மாற்றுகிறது. அது ஒருபோதும் திரும்பி வராத செயற்கூறு என்பதால் முடிவில் நடக்கவேண்டிய காவல் சோதனைக்கு வேலையே இல்லாதிருந்தது. ஜிசிசி 10 கடைசி அழைப்பைத் தாவலாக மாற்றியது, தாவுவதற்கு முன் சோதனை வந்து நின்றது, மதிப்பு பொருந்தவில்லை, கெர்னல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. கம்பைலரில் பிழை இல்லை. கெர்னலின் நிரலில் ஒரு வரி கூட மாறியிருக்கவும் இல்லை. திருத்தம் மூன்றாவது முயற்சியில்தான் நிலைபெற்றது.

இந்த வகைப் பிழைகளை எண்ணிப் பார்த்தால், புதிய கம்பைலரால் கெர்னலைக் கட்டிப் பார்ப்பது ஒருவகையில் கெர்னலையே சோதிப்பதுதான். மறைந்திருக்கும் ஊகங்களை அது வெளியே இழுக்கிறது. உருவாக்குநருக்கு இது பயன். பள்ளி ஆய்வகத்தைக் கவனிப்பவருக்குத் தொல்லை மட்டுமே. இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லும் கையேடுகள் யாராவது ஒருவரைக் கைவிடுகின்றன.

புதிய செயலி, புதிய கணக்கு

சென்னை ஐஐடியின் ‘ஷக்தி’ செயலித் திட்டம் இந்த விவாதத்துக்கு ஒரு புதுப் பக்கத்தைச் சேர்க்கிறது. திறந்த ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியைக் கொண்ட ஷக்திச் சில்லு 2018இல் லினக்ஸை ஏற்றி ஓட்டியது. ரிஸ்க்-வி ஆதரவு ஜிசிசி 7இல் 2017இலும், கெர்னல் 4.15இல் 2018 ஜனவரியிலும் வந்தது. பழைய கம்பைலர் என்ற ஒன்றே இல்லாத உலகம் அது. பழையதே பத்திரம் என்போருக்கு அங்கே சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் 2022 பிப்ரவரியில் அசெம்பிளரின் 2.38 பதிப்பு ரிஸ்க்-வி விவரக்குறிப்பின் புதிய வடிவத்துக்கு மாறியது. கட்டுப்பாட்டுப் பதிவகங்களைத் தொடும் கட்டளைகள் அதில் அடிப்படைத் தொகுதியிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தன. நேற்றுவரை கட்டப்பட்ட கெர்னல் அன்று முதல் ‘அறியாத கட்டளை’ என்று நின்றது. கம்பைலர் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு கருவிக் குடும்பம். அதில் யார் மாறினாலும் கேள்வி திரும்பி வரும்.

நம்பிக்கையும் நிரூபணமும்

கென் தாம்ஸன் 1984இல் வெளியான தம் டூரிங் பரிசு உரையில் எழுப்பிய ஐயம் தனி வகை. கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ள வாசலை ஒளித்துவைத்து, மூலநிரலில் சுவடே இல்லாதபடி அது தன்னைத் தானே அடுத்த கம்பைலருக்குக் கடத்தும்படி செய்யலாம் என்று காட்டினார் அவர். இந்தப் பார்வையில், கம்பைலரைப் புதுப்பித்தபின் கெர்னலைக் கட்டுவது தீர்வும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பழைய கம்பைலர்தானே புதியதைக் கட்டியது. இரண்டு வெவ்வேறு கம்பைலர்களைக் கொண்டு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையை டேவிட் வீலர் 2005இல் முன்வைத்து விரித்தெழுதினார். யார் கட்டினாலும் பிட்டுக்குப் பிட்டு ஒரே விளைவு வரவேண்டும் என்ற டெபியனின் முயற்சி 2013 முதல் நடக்கிறது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு அடிப்படையிலான ‘மாயா’ இயங்குதளத்தை அறிவித்தபோதும், அதற்கு முன் பாஸ் பற்றிய பேச்சுகளிலும், சொந்த இயங்குதளம் என்ற பெருமிதம் கேட்ட அளவுக்கு அதைக் கட்டும் கம்பைலர் எது என்ற கேள்வி கேட்கவில்லை.

மறுமுனையில் எஸ்இஎல்4 நுண்கெர்னல் இருக்கிறது. அதன் சி நிரல் விவரக்குறிப்போடு பொருந்துகிறது என்று 2009இல் கணித முறையில் நிறுவப்பட்டது. கம்பைலரை நம்பவேண்டியிருக்கிறதே என்ற குறை மிஞ்சியது. ஜிசிசி தந்த இயந்திர நிரலே மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் வழி 2013இல் வந்தது. கம்பைலர் மாறினால் அந்தச் சரிபார்ப்பை மறுபடி ஓட்டவேண்டும், அவ்வளவுதான். கேள்விக்கு இதுவரை கிடைத்தவற்றில் மிகத் தெளிவான பதில் இது என்பது என் கருத்து. ஆனால் எஸ்இஎல்4 பத்தாயிரம் வரிக்குள் அடங்குவது. லினக்ஸ் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

தீராதவை

கைவசமுள்ள சான்றுகளை வைத்துச் சில முடிவுகளுக்கு மட்டும் வரலாம். டிஸ்ட்ரோ தரும் கெர்னலைப் பயன்படுத்துபவர், கம்பைலர் புதுப்பிக்கப்பட்டதால் மட்டுமே எதையும் கட்டத் தேவையில்லை. வெளி மாட்யூல் வைத்திருப்பவர் கெர்னலைக் கட்டிய அதே கம்பைலரைக் கையருகே வைத்திருப்பது நல்லது. 2018இல் நடந்ததுபோல் கம்பைலர் வழியாகவே வரும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மறுகட்டுமானம் தவிர்க்க இயலாதது. அதை யார் செய்வது என்பதுதான் மிச்சம். இருபது ஆண்டு ஆயுள் குறித்து நிறுவப்படும் காற்றாலைகள் போன்றவற்றில் உட்பொதிந்த கணினிகள் இருக்கும். ஆண்டிபட்டி முதல் கம்பம்வரை அந்தக் காற்றாலைகள் சுழல்கின்றன. அத்தகைய கருவிகளில் கெர்னல் எது, கட்டியவர் யார், கம்பைலர் இன்னும் கிடைக்கிறதா என்ற விவரம் வாங்கியவரிடம் இருக்கவேண்டுமா என்பது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் நிற்காது, ஒப்பந்தக் கேள்வியும் ஆகிறது.

நினைவக ஒழுங்கு பற்றிய சிக்கல் திறந்தே கிடக்கிறது. 2018இல் 4.17 கெர்னலோடு லினக்ஸ் தன் நினைவக மாதிரியை முறைப்படி எழுதிக்கொண்டது. அது சி மொழித் தரநிலையின் மாதிரியோடு ஒத்ததல்ல. கம்பைலர் இன்னும் கெட்டிக்காரத்தனமாகும்போது இந்த இடைவெளியில் எது விழும் என்பதைக் குறித்துக் கருத்து வேறுபாடுகள் தொடர்கின்றன. குறைந்தபட்சக் கம்பைலர் வரம்பும் நகர்ந்துகொண்டே இருக்கிறது: 2021இல் ஜிசிசி 5.1, 2025இல் 8.1. எவ்வளவு பழைய கணினியை விட்டுவிடலாம் என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்படுகிறது.

எல்லாவற்றையும்விடப் புதியது ரஸ்ட். 2022 டிசம்பரில் 6.1 கெர்னலில் ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைத்தபோது, அதன் கம்பைலரில் குறிப்பிட்ட ஒரே ஒரு பதிப்பை மட்டுமே ஏற்றார்கள். அதற்கு முந்தியதும் ஆகாது, பிந்தியதும் ஆகாது. கேஜிசிசி காலத்துக் கறார்த்தனம் இருபது ஆண்டு கழித்துத் திரும்ப வந்ததுபோல் இருந்தது. 2024இல், 6.11இல், அது 1.78 முதல் எதுவும் ஆகலாம் என்று தளர்ந்தது. ஆனால் ரஸ்ட் கம்பைலரின் பின்தளம் எல்எல்விஎம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கெர்னலின் சி மொழிப் பகுதியைக் கட்டுவது ஜிசிசி. ரஸ்டையும் ஜிசிசி வழியாகவே கட்டும் முயற்சிகள் இரண்டு தனித்தனியே நடக்கின்றன. அவை முதிரும்வரை ஒரே கெர்னலுக்குள் இரண்டு கம்பைலர்களின் வெளியீடு பக்கம் பக்கமாக ஓடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் புதுப்பிக்கப்படும்போது ஒன்றுக்காக மற்றதை மீண்டும் கட்டவேண்டுமா என்பதற்கு இன்னும் எழுதிவைத்த விதி இல்லை.